அக்ரிலிக் வாட்ச் கண்ணாடியின் கீறல்களை வீட்டிலேயே நீக்குவது: முழுமையான வழிகாட்டி

பீரோவில் கிடந்த சாவி கொடுக்கும் வாட்சை என்னிடம் எடுத்து வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பேஸ்ட் தேய்க்க வேண்டும்?" என்பதுதான். அது ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியவை நான்கு இருக்கின்றன: கண்ணாடி எந்த வகை, அதில் இருப்பது கீறலா விரிசலா, கீறல் எவ்வளவு ஆழம், வாட்சுக்குள் தண்ணீர் போகாமல் எப்படிக் காப்பது. இவற்றைத் தாண்டி நேராகப் பேஸ்டுக்குப் போனவர்களின் வாட்ச்களில் கண்ணாடி பளபளக்கும். கீறலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த வேலையில் வரிசைதான் எல்லாம். குறைந்த தேய்ப்பில் தொடங்க வேண்டும். அது போதாது என்று கண்ணால் பார்த்த பிறகே வாட்டர் பேப்பருக்கு, அதாவது நனைத்துத் தேய்க்கும் நுண்ணிய உப்புத்தாளுக்கு, இறங்க வேண்டும். அதிலும் எண் குறையக் குறையத் தாள் கரடாகும். கீழே உள்ள படிகள் அந்த எண்ணத்தில் அடுக்கப்பட்டவை.

1. கண்ணாடி அக்ரிலிக்தானா என்று உறுதி செய்யுங்கள்

வாட்ச் கண்ணாடிகள் மூன்று வகை: அக்ரிலிக், மினரல் கண்ணாடி, சஃபையர். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் (எண் கூடினால் கடினமும் கூடும்) அக்ரிலிக் சுமார் 3, மினரல் கண்ணாடி 5 முதல் 6, சஃபையர் 9. இந்த வழிகாட்டி முதல் வகைக்கு மட்டுமே. மற்ற இரண்டையும் வாட்டர் பேப்பரால் தேய்த்தால் மங்கலான கண்ணாடிதான் மிஞ்சும். அதை மீண்டும் தெளிவாக்குவது வீட்டில் எளிதல்ல.

நகத்தின் நுனியால் கண்ணாடியை மெல்லத் தட்டுங்கள். அக்ரிலிக் 'டொக்' என்று மந்தமாக ஒலிக்கும்; மற்றவை 'டிங்' என்று கூர்மையாக ஒலிக்கும். பிறகு கன்னத்தில் வைத்துப் பாருங்கள். மினரலும் சஃபையரும் சில்லென்று இருக்கும். அக்ரிலிக்கில் அந்தக் குளிர்ச்சி தெரியாது. ஓரங்களையும் கவனியுங்கள். மினரல் கண்ணாடி அடிபட்டால் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கும். அக்ரிலிக் பெயராது, மழுங்கும்.

எச்.எம்.டி. ஜனதா, பைலட் போன்ற பழைய வாட்ச்களில் இருப்பது அக்ரிலிக். ஓசூர் டைட்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த குவார்ட்ஸ் வாட்ச்களில் பெரும்பாலும் மினரல் கண்ணாடிதான். எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இரண்டுமே வீட்டுக்கு வீடு இருப்பதால், பிராண்டைப் பார்த்து முடிவு செய்யாமல் தட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பழைய வாட்சில் யாராவது இடையில் கண்ணாடி மாற்றியிருக்கவும் கூடும்.

தேதிக்கு மேலே சிறு பூதக்கண்ணாடிக் குமிழி இருக்கும் கண்ணாடிகளில் அந்தக் குமிழியை மட்டும் வாட்டர் பேப்பரால் தொடாதீர்கள். அதன் வளைவு சற்று மாறினாலும் தேதி கோணலாகத் தெரியும். அங்கே பாலிஷ் மட்டும் போதும்.

2. கீறலா, விரிசலா?

அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் பாதிக் கீறல்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கீறல் மேற்பரப்பில் இருக்கும். விரிசல் கண்ணாடியின் உடலுக்குள் ஒரு வெள்ளி இழை போல மின்னும். வாட்சைத் திருப்பினால் அந்த மினுக்கமும் தோன்றி மறையும். விரிசலை எந்தப் பாலிஷும் நீக்காது. அழுத்தித் தேய்த்தால் நீளும். அப்படிப்பட்ட வாட்சுக்கு நேராகப் பத்தாவது படிதான்.

கீறல் என்று உறுதியானால், விரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் எதையும் உணரவில்லை என்றால் பாலிஷ் மட்டுமே போதுமானது. ஏதோ தட்டுப்படுகிறது, ஆனால் நகம் நிற்கவில்லை என்றால் 2000 எண் தாள் வேண்டியிருக்கும். நகம் பள்ளத்தில் மாட்டி நின்றால் 1000 வரை இறங்க நேரலாம். இதை ஒரு துண்டுக் காகிதத்தில் படமாகக் குறித்துக்கொள்ளுங்கள்: டயலில் மூன்று மணிப் பக்கம் ஒன்று, எட்டு மணிப் பக்கம் ஒன்று என்று. தேய்க்கத் தொடங்கியதும் கண்ணாடி முழுதும் வெள்ளையாகிவிடும். எந்தக் கீறலைத் தேடினீர்கள் என்பதே மறந்துபோகும்.

3. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

வாட்டர் பேப்பர் எண் 1000, 1500, 2000, கிடைத்தால் 2500. எண் கூடக் கூட மணல் நுண்மையாகும். சாதாரண ஹார்டுவேர் கடைகளில் மரவேலைக்கான உப்புத்தாள்தான் அதிகம் இருக்கும், அது வேண்டாம். கார், இருசக்கர வாகனங்களுக்குப் பெயிண்ட் விற்கும் கடையில் கேளுங்கள். எண் ஒன்றுக்கு ஒரு தாள் வாங்கினால் பல வாட்ச்களுக்குப் போதும். கொண்டுவந்ததும் ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையில் போட்டு எண்ணை எழுதுங்கள். நறுக்கிய துண்டின் பின்பக்கத்தில் எண் இல்லாவிட்டால் 1500 எது, 2000 எது என்று விரல் சொல்லாது.

பாலிஷ்: அக்ரிலிக் வாட்ச் கண்ணாடிக்கென்றே வரும் பாலிவாட்ச் என்ற ஜெர்மன் பேஸ்ட் ஆன்லைனில் 5 கிராம் டியூபாகக் கிடைக்கிறது. கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் வீட்டில் குத்துவிளக்கு துலக்கும் பிராஸோவும் வேலை செய்யும். அதில் அம்மோனியா உண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நிறப் பற்பசை கடைசித் தேர்வு. ஜெல், உப்பு, கரி கலந்த பற்பசைகள் வேண்டாம். துகள்கள் ஒரே அளவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

துணி: பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்திப் பனியன். கஞ்சி போட்ட வேட்டித் துண்டு கூடாது. டிஷ்யூ காகிதமும் கூடாது, அதன் நார்களே மெல்லிய கோடுகள் போடும். கூடவே மாஸ்கிங் டேப், ஒரு பள்ளி ரப்பர், மரப் பல்குத்தும் குச்சிகள், இரண்டு சிறு கிண்ணங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரைக் கிண்ணத்தில் சற்று நேரம் வைத்தால் அடியில் மண் படிவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். அந்தப் படிவில் ஒரு மணல்துகள் இருந்தால் போதும், 2000 எண் தாளில் செய்த வேலை வீண். குடிக்க வைத்திருக்கும் கேன் தண்ணீரையோ வடிகட்டிய தண்ணீரையோ பயன்படுத்துங்கள். அரைக் கிண்ணம் போதும்.

4. முதலில் வேறொன்றில் பழகுங்கள்

கடைப் பெயர்ப்பலகை செய்யும் இடங்களில் அக்ரிலிக் ஷீட் நறுக்கிய துண்டுகள் குப்பையில் கிடக்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள். வாட்ச் கண்ணாடியும் அதே பொருள்தான். அந்தத் துண்டில் ஆணியால் ஒரு கோடு கிழித்து, கீழே வரும் ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிகளை ஒருமுறை செய்து பாருங்கள். எவ்வளவு அழுத்தினால் தாள் வெட்டுகிறது, எவ்வளவு நேரத்தில் மங்கல் தெளிகிறது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. கைதான் தெரிந்துகொள்ள வேண்டும். தாத்தாவின் நினைவாக இருக்கும் ஒரே வாட்சில் பாடம் படிக்க வேண்டியதில்லை.

5. சுத்தம் செய்து, டேப் ஒட்டுங்கள்

ஸ்ட்ராப்பைக் கழற்றுங்கள். அதைப் பிடித்திருக்கும் சிறு கம்பிக்குள் (பின்) ஸ்பிரிங் இருப்பதால் தெறித்து ஓடும். ஒரு தாம்பாளத்தின் மேல் துணி விரித்து அதன்மேல் கழற்றினால் தேட வேண்டியிருக்காது.

அடுத்து, கண்ணாடியின் மேலிருக்கும் தூசியை எடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது. இந்த மாவட்டங்களில் காற்றில் வரும் தூசியில் கிரானைட் அறுக்கும் தூளும் எம்-சாண்டும் கலந்திருக்கும். அதிலுள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. அக்ரிலிக்கின் மேல் அதை வைத்துத் துடைப்பது புதுக் கீறல் போடுவதேதான். முதலில் ஊதுங்கள், பிறகு ஈரத்துணியை ஒற்றி ஒற்றி எடுங்கள், கடைசியாகத் துடையுங்கள்.

குழாயின் கீழே மட்டும் வாட்சைக் காட்டாதீர்கள். பழைய சாவி வாட்ச்களில் சாவி கொடுக்கும் குமிழ் நுழையும் துளை வழியாகவும் பின்மூடி வழியாகவும் தண்ணீர் தாராளமாக உள்ளே போகும்.

பழைய வாட்ச்களில் கண்ணாடியும் உலோக வளையமும் சேரும் இடுக்கில் பல வருட அழுக்கு கறுப்பாக இருக்கும். பல்குத்தும் குச்சியின் முனையை நனைத்து, மென்மையாக்கி, சுற்றி எடுங்கள். இதை விட்டுவிட்டுத் தேய்த்தால் அந்த அழுக்கு தாளில் ஏறி வந்து கோடு போடும்.

இப்போது டேப். 4 மில்லிமீட்டர் அகலத்தில் சிறு கீற்றுகளாக நறுக்கி, கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோக வளையத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறுமாறு ஒட்டுங்கள். அகலமான டேப் வளைவில் மடிந்து தூக்கிக்கொள்ளும். தங்க முலாம் பூசிய கேஸ் (வாட்சின் உலோக உடல்) என்றால் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். பாலிஷே முலாமைத் தின்றுவிடும், அடியிலுள்ள பித்தளை தெரிந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை. குமிழையும் அதன் துளையையும் தனியாக மூடுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். உலோகத்தைக் காப்பாற்றும் ஆர்வத்தில் டேப்பைக் கண்ணாடியின் ஓரத்தின் மேலும் ஏற்றி ஒட்டிவிடுகிறார்கள். தாள் ஓரம் வரை போகாது. கடைசியில் நடுவே தெளிந்த வட்டம், சுற்றி ஒரு மங்கலான வளையம். டேப் உலோகத்தோடு நிற்க வேண்டும். கண்ணாடியில் ஒரு மயிரிழை கூட ஏறக்கூடாது.

6. பாலிஷை மட்டும் முயன்று பாருங்கள்

தாளைத் தொடும் முன் ஒரு சுற்றுப் பாலிஷ். நகத்துக்குத் தட்டுப்படாத கீறல்கள் இதிலேயே போய்விடும். அன்றாடம் கட்டிய வாட்ச்களில் இருக்கும் சிலந்திவலை போன்ற கோடுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்.

பனியன் துணியை ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றி, ஒரு அரிசியளவு பேஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு வட்டங்களாகக் கண்ணாடி முழுவதும் தேயுங்கள். கீறல் உள்ள இடத்தை மட்டும் குடையாதீர்கள். மூன்று நிமிடம் போனதும் துணி வழுக்குவது குறைந்து, கண்ணாடியைப் பிடிக்கத் தொடங்கும். பேஸ்ட் வேலை செய்து முடித்த அடையாளம் அது. துடைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்.

இப்படி மூன்று சுற்று. மூன்றாவது சுற்றுக்குப் பிறகும் ஒரு கீறல் முன்பிருந்த மாதிரியே இருந்தால், முப்பது சுற்றுக்கும் அது அசையாது. "அண்ணா, ஒரு மணி நேரம் தேய்த்துவிட்டேன், பளபளப்பு வந்துவிட்டது, கோடு மட்டும் போகவில்லை" என்று வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நின்றவர்கள். பாலிஷ் பரப்பை மினுக்கும். பள்ளத்தின் அடி வரை பரப்பை இறக்காது. அதற்குத் தாள் வேண்டும்.

மிச்சமிருப்பது கையில் கட்டும் தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிரண்டு கோடுகள்தான் என்றால், என் யோசனை: இங்கேயே நிறுத்திவிட்டு ஒன்பதாவது படிக்குப் போங்கள். லூப் (வாட்ச் பழுதுபார்ப்பவர் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால் புது வாட்சிலும் கோடு தெரியும்.

7. வாட்டர் பேப்பர்

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கிரானைட் பட்டறைகளில் பலகைக்கு மெருகேற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படியை விளக்கவே வேண்டாம். அங்கே கரடான கல்லில் தொடங்கி எண்ணை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு எண்ணைத் தாண்டினால் அதன் கோடு கடைசி மெருகிலும் தெரியும். இங்கும் அதே கணக்கு. ஒவ்வொரு தாளுக்கும் வேலை ஒன்றுதான்: முந்தைய தாள் போட்ட கோடுகளை அழிப்பது. அசல் கீறலை அழிப்பது முதல் தாளின் பொறுப்பு. அது செய்யாமல் விட்டதை அடுத்த தாள் செய்யாது.

தாள்களைத் தபால்தலை அளவில் நறுக்கிப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள். கிண்ணத்தில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் தாள் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணுக்கு ஒரு கிண்ணம். அல்லது எண் மாறும்போது தண்ணீரையும் மாற்றுங்கள்.

முதலில் 2000. ஈரத்தை உதறிவிட்டு, தாளில் ஈரம் இருக்கும்படி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. மேடாக வளைந்த கண்ணாடிக்கு விரல் நுனியின் சதையே சரியான அணை. மேற்பரப்பு தட்டையாக இருந்தால் பள்ளி ரப்பரில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் தேய்த்தால் அலை விழும். மேலிருந்து கீழாக ஒரே திசையில், ஓரம் முதல் ஓரம் வரை, லேசான அழுத்தத்தில் ஒரு நிமிடம்.

கண்ணாடி முழுவதும் பால் போல வெளுக்கும். டயல் மறைந்துபோகும். முதல்முறை செய்கிறவர்கள் எல்லோரும் இந்த நொடியில் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் வையுங்கள். அந்த வட்டத்துக்குள் முள்ளும் எண்களும் தெளிவாகத் தெரியும். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே ஈரத்தை நம்பி, கீறல் போய்விட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். தண்ணீர் பள்ளத்தை நிரப்பிக் கோட்டை மறைக்கும். துடைத்து, காய்ந்த பிறகே பார்க்க வேண்டும்.

காய்ந்த கண்ணாடியில் வெண்மை சீராக இருந்து, குறித்து வைத்த இடத்தில் கோடு எதுவும் இல்லை என்றால் எட்டாவது படிக்குப் போகலாம். வெண்மைக்கு நடுவே கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றால், தாள் அதன் அடியை இன்னும் தொடவில்லை. இன்னொரு நிமிடம் முயலுங்கள். அப்போதும் நின்றால் 1500-க்கு இறங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் 1000. அதற்குக் கீழே 800, 600 என்று போகாதீர்கள். அவ்வளவு ஆழமான பள்ளத்துக்குக் கண்ணாடியை மாற்றுவதே மலிவு.

இறங்கிய பிறகு ஏற வேண்டும். 1000-இல் கீறல் அழிந்தது என்றால் 1500, அதன்பின் 2000, இருந்தால் 2500. ஒவ்வொரு முறை எண்ணை ஏற்றும்போதும் திசையைச் செங்குத்தாக மாற்றுங்கள்: முன்பு மேல்கீழாகத் தேய்த்திருந்தால் இப்போது இடவலமாக. காரணம் எளிது. புதிய கோடுகள் ஒரு பக்கம் ஓடும். குறுக்கே ஓடும் எந்தக் கோடும் பழைய தாளின் மிச்சம். டார்ச்சில் அது உடனே தெரியும். குறுக்குக் கோடு ஒன்று இருந்தாலும் அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள். வட்டமாகத் தேய்க்கிறவர்களுக்கு இந்தச் சோதனையே கிடையாது. அதனால்தான் தாளில் வட்டம் வேண்டாம் என்கிறேன்.

எண் மாறும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி, டேப் ஓரம், உங்கள் விரல் மூன்றையும் துடையுங்கள். 1000 எண் தாளிலிருந்து உதிர்ந்த ஒரு துகள் விரல் ரேகையில் ஒட்டியிருந்து 2000-இன் அடியில் மாட்டிக்கொண்டால், ஒற்றை ஆழமான கோடு விழும். நடுவில் எங்கிருந்தோ புதுக் கீறல் வந்தது என்று சொல்கிறவர்களுக்கு அது வந்த வழி இதுதான்.

ஒரே இடத்தை நோண்டும் ஆசையையும் அடக்குங்கள். கீறல் இருந்த இடம் மட்டும் பள்ளமானால் கண்ணாடி அங்கே லென்ஸ் போலாகும். வாட்சைச் சாய்க்கும்போது நிமிட முள் அந்த இடத்தில் நெளியும். கீறலோடு கூட வாழலாம், அந்த நெளிவோடு வாழ முடியாது.

8. மீண்டும் பாலிஷ்

ஆறாவது படி போலவே, ஆனால் புதுத் துணியில், அதிக நேரம். தாளுக்குப் பிறகு பத்து நிமிடமாவது ஆகும். முதல் இரண்டு நிமிடத்தில் பெரிய மாற்றம் தெரியாது. பிறகு நடுப்பகுதி திறக்கும், ஓரங்கள் கடைசியாகத் தெளியும். ஓரத்துக்கென்று பல்குத்தும் குச்சியின் நுனியில் துணியைச் சுற்றிக்கொள்ளலாம்.

பத்து நிமிடத்துக்குப் பிறகும் பனிமூட்டம் போல மங்கல் சீராக இருந்தால் குற்றம் பாலிஷில் இல்லை. 2000-ஐ அவசரமாக முடித்திருக்கிறீர்கள். திரும்பப் போய் ஒரு நிமிடம் தேய்த்துவிட்டு வாருங்கள்.

இந்த இடத்தில் கை வலித்து, சிறு மின்மோட்டாரில் பஞ்சுச் சக்கரம் மாட்டித் தேய்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். சக்கரம் ஒரே இடத்தில் சில நொடி நின்றாலே அந்தச் சூடு வந்துவிடும். பரப்பு இழுபட்டு, தோல் போலச் சுருங்கும்.

9. துடைத்து முடிப்பது

டேப்பை மெதுவாக உரியுங்கள். இடுக்கில் தங்கிய பேஸ்டை நனைத்த குச்சியால் எடுத்துவிடுங்கள்; காய்ந்தால் வெள்ளைக் கோடாக நின்றுவிடும், பற்பசை என்றால் இன்னும் மோசம். பிறகு ஈரத்துணி, அதன்பின் உலர்ந்த துணி. அவ்வளவுதான்.

சானிடைசர், ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல், நகச்சாய நீக்கி எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். அக்ரிலிக் கண்ணாடி கேஸுக்குள் இறுக்கிப் பொருத்தப்பட்டு, எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கிறது. அந்த நிலையில் இந்தத் திரவங்கள் பட்டால் ஓரத்திலிருந்து வலை போன்ற நுண்விரிசல்கள் கிளம்பும். எல்லா வேலையும் நன்றாக முடிந்த பிறகு "கடைசியாக ஒருமுறை சுத்தமாகத் துடைப்போம்" என்று சானிடைசர் ஊற்றிக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்தது போலத் தெரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெயிலில் காய வைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே வாட்ச் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே எஃகுப் பாகங்கள் இருக்கின்றன. துரு வேகமாக ஏறும்.

10. கண்ணாடியை மாற்ற வேண்டிய இடம்

விரிசல், வலை போன்ற நுண்விரிசல், மஞ்சள் பூத்தது, 1000 எண் தாளுக்கும் மசியாத பள்ளம், ஏற்கெனவே பலமுறை தேய்த்து மெலிந்தது: இந்த ஐந்துக்கும் புதுக் கண்ணாடிதான். மெலிந்ததைக் கண்டுபிடிக்க, கண்ணாடியின் நடுவில் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். உள்ளே அமுங்குவது தெரிந்தால் இனி தேய்க்கக் கூடாது. அடுத்த அழுத்தத்தில் அது முள்ளைத் தொடலாம்.

பழைய கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே, அக்ரிலிக்தான் வேண்டும், மேட்டின் உயரமும் அதே அளவு இருக்க வேண்டும் என்று பழுதுபார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள். தட்டையான கண்ணாடியைப் போட்டுவிட்டால் சில வாட்ச்களில் முட்களின் அச்சு அதில் உரசி வாட்ச் நின்றுபோகும். கண்ணாடியின் விளிம்புக்குள் உலோக வளையம் இருக்கும் ரகம் என்றால், புதியதிலும் அந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அடுத்த வாட்சைத் தொடும் முன் பழகுவதற்கு பெயர்ப்பலகைத் துண்டைவிட அது மேல்.